மார்ச் கடைசியில் இத்தாலிச் சாலைகள்: அப்ருத்சோவா, மார்க்கேயா, சிசிலியா, புல்யாவா?

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ரயிலில் பார்த்து முடித்தவர்கள், மறுமுறை இத்தாலிக்குப் போகும்போது ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெயர் மட்டுமே கேள்விப்பட்ட பகுதிகளைச் சுற்றிவர விரும்புவது இயல்பு. கோடைக்காலத்தின் விலையும் கூட்டமும் வேண்டாம் என்று மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான நாட்களை அவர்களில் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். காலத் தேர்வு நல்லதுதான். ஆனால் எந்தப் பகுதிக்குப் போவது என்ற கேள்விக்கு மே மாதத்தில் சரியாக இருக்கும் விடை மார்ச்சில் தவறாகிவிடக்கூடும். அந்தக் கண்ணோட்டத்தில் நான்கு பகுதிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: ரோமுக்குக் கிழக்கே உள்ள அப்ருத்சோ, அதற்கு வடக்கே அடுத்தடுத்து அமைந்த மார்க்கேயும் உம்பிரியாவும், சிசிலியின் தென்கிழக்கு மூலை, காலணி வடிவ நாட்டின் குதிகாலில் இருக்கும் புல்யாவும் அதை ஒட்டிய பசிலிக்காட்டாவும். பத்து நாள் பயணம், வண்டி கையில் இருக்கும் நாட்களில் இரண்டு அல்லது மூன்று தங்குமிடங்கள், சாலையின் இடப்புறம் ஓட்டிப் பழகிய ஒரே ஓட்டுநர் என்பவை என் கணக்கின் அடிப்படை.

தெற்கே போகப் போக வசந்தம் முன்னதாக வந்துவிடும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. அப்பென்னைன் மலைத்தொடர் நாட்டின் நீளம் முழுவதும் ஓடுவதால், எவ்வளவு தெற்கே இருக்கிறோம் என்பதைவிடக் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதே இந்தப் பருவத்தில் பயணத்தின் சுகத்தைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் அப்ருத்சோவின் பெஸ்காரா கடற்கரையில் மெல்லிய மேலாடையோடு காபி குடித்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் மேற்கே ஓட்டினால் பனிக்குவியல்களுக்கு நடுவே போய் நிற்கலாம். இத்தாலிய அரசும் இதையே கணக்கில் கொண்டிருக்கிறது. அறிவிப்புப் பலகை வைக்கப்பட்ட சாலைகளில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயர் பொருத்தியிருக்க வேண்டும், அல்லது பனிச் சங்கிலியை வண்டியில் வைத்திருக்க வேண்டும். வாடகை நிறுவனங்கள் பலவும் இவற்றைக் கேட்டால்தான் தரும். தெற்கில் எடுக்கும் வண்டிகளில் பெரும்பாலும் கோடைக்கால டயர்களே இருக்கும். எனவே மலைப் பகுதியைத் தேர்ந்தெடுப்பவர் வண்டியைப் பதிவு செய்யும்போதே டயரையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அழகை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அப்ருத்சோவே முதலில் நிற்கும். 2,912 மீட்டர் உயரமுள்ள கோர்னோ கிராந்தே சிகரம், அதன் அடியில் விரிந்து கிடக்கும் காம்போ இம்பெராத்தோரே பீடபூமி, ரோக்கா கலாஷியோவின் பாழடைந்த கோட்டை, கல்லாலேயே கட்டப்பட்ட சாந்தோ ஸ்தேஃபானோ தி செசானியோ கிராமம் ஆகிய அனைத்தும் ரோமிலிருந்து இரண்டு மணி நேரச் சுற்றளவில் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், காம்போ இம்பெராத்தோரேக்கு ஏறும் மலைச்சாலை குளிர்காலம் முழுவதும் மூடப்பட்டு, பனி உருகிய பிறகே திறக்கப்படுகிறது. அதைப் பார்க்கத்தான் அப்ருத்சோவுக்கே போகிறோம் என்பவர்கள் மார்ச்சில் கேபிள் காரில் ஏறிப் பனிச்சறுக்குக்காரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பீடபூமியைக் குறுக்காகக் கடந்து ஓட்டும் இன்பம் கிடைக்காது. மலைக் கிராமங்களின் சிறு விடுதிகளிலும் உணவகங்களிலும் பல, வார இறுதியில் மட்டுமே திறந்திருக்கும்.

அதற்காக அப்ருத்சோவை ஒரேயடியாக ஒதுக்கவும் மனமில்லை. 2009 ஏப்ரல் 6 அன்று நிலநடுக்கத்தில் 309 பேரைப் பறிகொடுத்த லாக்விலா நகரம், அடுக்கடுக்கான சாரங்களுக்குள்ளிருந்து மீண்டு வந்து, 2026-க்கான இத்தாலியக் கலாசாரத் தலைநகரமாகத் தேர்வு பெற்றது. அதன் கோல்லெமாஜ்ஜோ தேவாலயத்தின் இளஞ்சிவப்பும் வெள்ளையுமான முகப்பைக் காண ஒரு நாளை ஒதுக்குவது தகும். ஈஸ்டர் ஞாயிறன்று சுல்மோனாவின் சதுக்கத்தில் மாதா சிலையைத் தோளில் சுமப்பவர்கள் மெதுவாக நடந்து வந்து, உயிர்த்தெழுந்த மகனைக் கண்ட கணத்தில் சட்டென்று ஓடத் தொடங்க, துக்கத்தின் கறுப்புப் போர்வை நழுவிப் பச்சை ஆடை வெளிப்படும் காட்சி அந்த ஒரு காலைக்கு மட்டுமே உரியது. ஆயினும் இவை இரண்டு நாள் சேர்க்கைக்கு உகந்தவை. பத்து நாட்களையும் இங்கே செலவிட ஜூன்தான் சரி.

மார்க்கே–உம்பிரியா இணைப்பு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு. ரோம் விமான நிலையத்தில் இறங்கி அங்கேயே வண்டியை எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம் என்பது இதன் முதல் ஆதாயம். உள்நாட்டு விமானமும் வேண்டாம், வேறு ஊரில் வண்டியை விடுவதற்கான கூடுதல் கட்டணமும் இல்லை. ஸ்பொலேத்தோ, பெவான்யா, கூப்பியோ என்று உம்பிரியாவில் மூன்று நாள் மெல்ல நகர்ந்து, ஃபொலீன்யோவிலிருந்து சிவித்தனோவா மார்க்கே வரை மலையைக் குடைந்து செல்லும் சுங்கமில்லாத நான்குவழிச் சாலையில் கடலோரத்தை அடையலாம்.

மார்க்கேயின் வரைபடத்தை ஒருமுறை கவனமாகப் பார்ப்பது அவசியம். மலையிலிருந்து ஏட்ரியாட்டிக் கடலுக்கு ஓடும் ஆறுகள் சீப்பின் பற்களைப் போல ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. ஒரே பள்ளத்தாக்கில் கிழக்கு மேற்காக ஓட்டுவது சுலபம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக ஒவ்வொரு முறையும் ஒரு முகட்டின் மேல் ஏறி இறங்க வேண்டும், அல்லது கடலோரம் வரை போய் ஆட்டோஸ்ட்ராடா எனப்படும் சுங்க நெடுஞ்சாலையைப் பிடித்துத் திரும்ப உள்ளே வர வேண்டும். வழிகாட்டிச் செயலி நாற்பது கிலோமீட்டர் என்று காட்டும் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது இதனால்தான். உர்பினோவையும் ஆஸ்கொலி பிச்சேனோவையும் ஒரே தங்குமிடத்திலிருந்து பார்த்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் நாளின் பாதியை வளைவுகளிலேயே கழிப்பார்கள். வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என இரண்டு இடங்களில் தங்குவதே முறை.

மழை நாளுக்கு மார்க்கேயைப் போல ஆயத்தமாக இருக்கும் பகுதி இந்த நான்கில் வேறில்லை, ஏப்ரலில் மழை நாள் நிச்சயம் வரும். உர்பினோவின் அரண்மனைக் கூடங்களில் பியேரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் ஓவியங்களையும், 1483-இல் அதே ஊரில் பிறந்த ரஃபேலின் ‘ஊமைப் பெண்’ ஓவியத்தையும் அவசரமின்றிப் பார்க்கலாம். 1971-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபிரசாசி குகைகளுக்குள் ஆண்டு முழுவதும் 14 டிகிரி வெப்பநிலைதான். முதல் பெருங்கூடத்துக்குள் மிலான் பேராலயத்தையே வைத்துவிடலாம் என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மார்க்கே–உம்பிரியா எல்லையில் உள்ள சிபில்லினி மலைகளை நம்பி இந்தப் பருவத்தில் வர வேண்டாம். காஸ்தெல்லூச்சோ சமவெளியில் பருப்பு வயல்கள் பூத்துக் குலுங்கும் படங்கள் ஜூன், ஜூலையில் எடுக்கப்பட்டவை. மார்ச் இறுதியில் அங்கே பழுப்புப் புல்லும் பனித் திட்டுகளுமே இருக்கும். தவிர, 2016-இன் நிலநடுக்கங்கள் அந்தப் பக்கத்துச் சிற்றூர்களைத் தரைமட்டமாக்கின. மறுகட்டுமானம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

வெயிலுக்கு உத்தரவாதம் தேடுபவர்கள் சிசிலியின் பக்கம் சாய்வார்கள். அங்கே ஏப்ரலில் ஆரஞ்சுத் தோப்புகள் பூத்து மணக்கும். எட்னா எரிமலையின் அடிவாரத்துச் சிவப்புச் சதை ஆரஞ்சுகளின் பருவமும் முடிந்திருக்காது. 1693-இன் நிலநடுக்கத்துக்குப் பிறகு முற்றாக மறுபடி கட்டப்பட்ட நோத்தோ, மொதிக்கா, ரகூசா, ஷிக்லி ஆகிய, பரோக் என்ற அலங்காரக் கட்டடப் பாணியிலான ஊர்கள் ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரத்துக்குள் இருக்கின்றன. யுனெஸ்கோ 2002-இல் பட்டியலில் சேர்த்த எட்டு ஊர்களில் நான்கு இவை. சிராகூசாவில் கிரேக்கக் கோயிலின் தூண்கள் பேராலயத்தின் சுவருக்குள் இன்றும் நிற்கின்றன. உள்நாட்டில், பியாத்சா ஆர்மெரினாவுக்கு அருகில் உள்ள ரோமானிய மாளிகையின் தரையில், விலங்குகளைப் பிடித்துக் கப்பலேற்றும் நீண்ட மொசைக் இருக்கிறது. அதன் ஒரு முனையில் யானைத் தந்தத்தோடு அமர்ந்திருக்கும் பெண்ணுருவம் இந்தியாவைக் குறிக்கிறது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இவ்வளவு இருந்தும் முதல்முறை காரோட்டிச் செல்பவருக்கு நான் சிசிலியைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். கத்தானியா நகர நெரிசலில் வலப்புறம் ஓட்டக் கற்றுக்கொள்வது எளிதன்று; விமான நிலையத்திலிருந்து நேராகத் தெற்கே சிராகூசா நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுவதே நல்லது. உள்நாட்டுச் சாலைகள் பல மண்சரிவால் சீர்கெட்டு, மாற்றுப்பாதைப் பலகைகளால் நிறைந்திருக்கும். எட்னா சாம்பலைக் கக்கும் நாட்களில் கத்தானியா விமான நிலையம் சில மணி நேரமோ அதற்கு மேலோ முடங்குவதுண்டு; பன்னாட்டு இணைப்பு விமானத்தை அதே நாளில் வைத்திருப்பவர்களுக்கு இது சிறிய கவலையாக இராது. (தீவின் மறுகோடியான பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள் என்பதும், அவர்களில் பலர், இந்துக்கள் உட்பட, பெல்லெக்ரீனோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஏறிச் செல்கிறார்கள் என்பதும் அந்த நகரத்தைத் தனியே பார்க்கப் போதுமான காரணங்கள். ஆனால் அது வேறொரு பயணம்.)

எஞ்சியது புல்யா. என் தேர்வும் இதுவே என்பதால், குறைகளிலிருந்து தொடங்குவது நேர்மையாக இருக்கும். வடக்கே ஃபோஜ்ஜாவைச் சுற்றிய சமவெளியில் கோதுமை வயல்களையும் காற்றாலைகளையும் தவிரக் கண்ணுக்கு அதிகம் கிடைக்காது. தெற்கே சலெந்தோ பகுதியில் 2013-இல் கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா நோய் பல லட்சம் ஆலிவ் மரங்களை உலரவைத்துவிட்டது. கல்லிப்போலிக்குப் போகும் வழியில் சாம்பல் நிறத்தில் நிற்கும் பட்ட மரங்கள் மைல்கணக்கில் வரும். இது தெரியாமல் போகிறவர்கள் திகைத்துப்போவார்கள். மார்ச்சில் வடகாற்று அடித்தால் கடலோர ஊர்களில் வெளியே உட்கார முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து தென்காற்று வந்தாலோ வானம் மங்கி, வண்டியின் கண்ணாடியில் செம்மண் தூசி படியும். கடற்கரை விடுதிகளில் பெரும்பகுதி ஈஸ்டருக்குப் பிறகே திறக்கும். கடலில் இறங்கிக் குளிக்கும் எண்ணமும் வேண்டாம்.

இந்தக் குறைகள் எதுவும் பயணத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை என்பதே புல்யாவின் பலம். பாரியிலிருந்து லெச்சே வரை சுமார் 150 கிலோமீட்டரும் சுங்கமில்லாத நான்குவழிச் சாலை, மலை ஏற்றமில்லை, பனி என்பது அபூர்வம். அல்பெரொபெல்லோ, லொக்கொரொத்தோந்தோ, சிஸ்தெர்னினோ, ஒஸ்தூனி ஆகிய ஊர்கள் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுவதால், இத்ரியா பள்ளத்தாக்கின் ஒரு பண்ணை விடுதியில் நான்கு இரவுகள் தங்கிக்கொண்டு, வானிலையைப் பார்த்துவிட்டு அன்றன்று எங்கே போவது என்று முடிவு செய்யலாம். நிச்சயமற்ற வானிலையில் இந்தச் சுதந்திரத்தைவிடப் பெரிய வசதி இல்லை. சாந்தின்றி அடுக்கிய சுண்ணாம்புக் கற்களால் கூம்புக் கூரை எழுப்பிய ‘த்ருல்லி’ வீடுகள் அல்பெரொபெல்லோவில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன; அந்த ஊரின் மையத் தெரு நினைவுப்பொருள் கடைகளால் நிரம்பிவிட்டது என்பதால், காலை எட்டு மணிக்குப் போய்விட்டு, அதே வீடுகளை வயல்வெளி நடுவே தனித்தனியாகப் பார்க்கக் கிளைச் சாலைகளில் ஓட்டுவதே என் யோசனை. ஏப்ரலில் அந்தச் சாலைகளின் இருபுறமும் கற்சுவர்களுக்கு அடியில் பாப்பி மலர்கள் தலைகாட்டத் தொடங்கியிருக்கும்.

லெச்சேயின் மென்கல்லில் செதுக்கிய தேவாலய முகப்புகளைப் பற்றி அனைவரும் சொல்வார்கள். நான் அதைவிட ஓத்ராந்தோவையே முன்வைப்பேன். அங்குள்ள பேராலயத்தின் தரை முழுவதும், 1163-க்கும் 1165-க்கும் இடையில் பந்தலேயோனே என்ற துறவியின் வழிகாட்டுதலில் பதிக்கப்பட்ட ஒரே மொசைக் பரந்திருக்கிறது. இரண்டு யானைகளின் முதுகிலிருந்து எழும் ஒரு பெரும் மரம் நடுவாயில் தொடங்கிப் பலிபீடம் வரை வளர்கிறது. அதன் கிளைகளில் ஆதாமும் ஏவாளும், மாதங்களின் வேலைகளும், ஆர்தர் மன்னரும், மாமன்னர் அலெக்சாந்தரும் கலந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் நெருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியதை மார்ச்சில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

புல்யாவோடு பசிலிக்காட்டாவின் மத்தேராவைச் சேர்ப்பதுதான் இந்தத் தேர்வை மற்றவற்றுக்கு மேலே உயர்த்துகிறது. பாரியிலிருந்து ஒரு மணி நேரம்தான். பள்ளத்தாக்கின் விளிம்பில் பாறையைக் குடைந்தும் கட்டியும் உருவான சாஸ்ஸி குடியிருப்புகளில் மனிதரும் கழுதையும் ஒரே அறையில் வாழ்ந்த நிலை, தேசத்துக்கே அவமானம் என்று அரசியல்வாதிகள் பேசும் அளவுக்கு வந்து, 1952-இன் சட்டத்தின்படி சுமார் 15,000 பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். அதே வெற்றுக் குகைகள் 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. 2019-இல் மத்தேரா ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரமானது. பகல் பயணிகள் கிளம்பிய பிறகுதான் அந்த ஊர் தன் நிலைக்கு வரும் என்பதால் இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும். எனினும் முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், குகை விடுதியை விட்டுவிட்டு மேலே உள்ள புதிய நகரில் அறை எடுக்கட்டும். சாஸ்ஸிக்குள் வண்டி போகாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டியிருக்கும்.

உணவையும் ஒப்பிட வேண்டும். நம்மவர்களில் பலருக்கு இது கடைசிக் காரணம் அன்று. உம்பிரியாவின் நோர்ச்சா பன்றி இறைச்சிக்குப் பேர்போனது. ஆஸ்கொலியின் பொரித்த ஆலிவுக்குள் இறைச்சிப் பூரணம். அப்ருத்சோவில் கம்பியில் கோத்துச் சுட்ட ஆட்டிறைச்சி. அசைவர்களுக்கு இவை விருந்து. சைவர்களுக்குப் புல்யாவின் ஏழை வீட்டுச் சமையலே கைகொடுக்கும்: உலர்ந்த ஃபாவா மொச்சையை வேகவைத்து மசித்து, கசப்புக் கீரையும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத் தரும் உணவு நம் நாக்குக்கு அந்நியமாக இராது. ஆந்திரியாவின் புர்ராத்தா பாலாடைக்கட்டியும் அல்தமூராவின் கோதுமை ரொட்டியும் இருந்தாலே ஒரு மதியம் ஓடிவிடும். காதுமடல் வடிவப் பாஸ்தாவைக் கீரையோடு கேட்கும்போது மட்டும் நெத்திலி சேர்ப்பார்களா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சிசிலியில் கடலைமாவு வறுவலும் கத்திரிக்காய்ப் பாஸ்தாவும் கிடைக்கும் என்பதால் அதற்கு இரண்டாம் இடம்.

நான்கு பகுதிகளுக்கும் பொதுவான சட்டச் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய உரிமம் வைத்திருப்பவர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். பழைய நகர மையங்களின் நுழைவில் சிவப்பு வட்டப் பலகையோடு தொடங்கும் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் கேமரா உண்டு. தெரியாமல் நுழைந்தாலும் அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், வாடகை நிறுவனமும் தன் பங்குக்குக் கட்டணம் பிடிக்கும். லெச்சே, பாரி, உர்பினோ, சிராகூசாவின் ஓர்த்தீஜா தீவு என அனைத்துக்கும் இது பொருந்தும். நீலக் கோடு போட்ட நிறுத்துமிடம் கட்டணத்துக்குரியது, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் நமக்கில்லை. பெட்ரோல் நிலையத்தில் ‘காசோலியோ’ என்றிருந்தால் அது டீசல்.

நாள்காட்டியில் ஈஸ்டர் எங்கே விழுகிறது என்பதே இறுதித் தீர்மானத்தைத் திருப்பக்கூடியது. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28. அதே ஞாயிறு அதிகாலையில்தான் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும். புனித வியாழனுக்கு முன்பே புல்யாவில் இருக்க முடிந்தால், தாரந்தோவில் முகத்தை மூடிய வெள்ளை அங்கியினர் வெறுங்காலோடு, ஓரடிக்கும் மறு அடிக்கும் இடையில் நெடுநேரம் நின்று அசைந்து நகரும் ஊர்வலத்தை இரவில் பார்க்கலாம். அறையை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் ஈஸ்டர் திங்களுக்கு மறுநாள் வண்டியை எடுத்தால், விடுதிகள் திறந்திருக்கும், விலை இறங்கியிருக்கும், ஏழு மணி வரை வெளிச்சமும் கிடைக்கும். 2028-இல் ஈஸ்டர் ஏப்ரல் 16 வரை தள்ளிப்போவதால், மார்ச் இறுதியில் புல்யாவின் கடலோர ஊர்கள் இன்னும் உறக்கத்திலேயே இருக்கும். அந்த ஆண்டு அதே நாட்களில் போவதாக இருந்தால், பருவத்தைச் சார்ந்திராத நகரங்களையும் அருங்காட்சியகங்களையும் கொண்ட மார்க்கே–உம்பிரியாவை நான் முன்னே வைப்பேன்.

பத்து நாளுக்கான புல்யா வழியை இப்படி அமைக்கலாம்: ரோமிலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்தில் பாரி, பயணக் களைப்பு தீர அங்கே ஓர் இரவு, வண்டியின்றியே. மறுநாள் காலை விமான நிலையத்தில் வண்டியை எடுத்து, இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசர் கட்டிய எண்கோணக் கோட்டையான காஸ்தெல் தெல் மோந்தே வழியாக மத்தேராவுக்கு. அங்கே இரண்டு இரவுகள். பிறகு இத்ரியா பள்ளத்தாக்கில் நான்கு, லெச்சேயில் இரண்டு. வண்டியைப் பிரிந்திசி விமான நிலையத்தில் விட்டுவிட்டு ரோமுக்குப் பறந்து, கடைசி இரவை அங்கே கழித்தால், வேறு ஊரில் வண்டியை விடுவதற்கான கட்டணம் ஒருமுறை விழும். பாரிக்குத் திரும்ப ஓட்டும் அரை நாளை அதோடு ஒப்பிட்டு அவரவர் முடிவு செய்யலாம். புல்யாவின் வடக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் கர்கானோ தீபகற்பத்தையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வியெஸ்தே வரை வளைந்து செல்லும் சாலைக்குத் தனியாக மூன்று நாள் வேண்டும், விடுதிகளும் அப்போது மூடியிருக்கும். எனவே இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுவதே சரி.